நோட்டுக்கு முன்னால் ஈர்க்குச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்தால் எல்லாப் பத்திரிகைகளிலும் கோடை வகுப்பு விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஐந்து வயதுக்கு அபாகஸ், ஏழு வயதுக்கு ரோபோ, வயது பாராமல் எல்லாருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ். அவற்றின் நல்லது கெட்டதை எடைபோட இந்தக் கடிதம் எழுதவில்லை. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கணக்கோ அறிவியலோ மொழியோ கசந்துபோகப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பொருள் கைக்கு வருமுன் குறி நோட்டுக்கு வந்துவிடுகிறது. எண்ணிப் பழகாத கை இலக்கம் எழுதுகிறது. கதை பேசிப் பழகாத வாய் எழுத்துக் கூட்டுகிறது. இதைத் திருப்பிப்போட வீட்டில் கிடக்கும் சாமான்களே போதும். என்ன செய்வது, எந்த இடத்தில் சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதைப் பெற்றோருக்குப் பயன்படும்படி எழுதுகிறோம்.

முதலில் எண்ணுப் பெயர்கள். தமிழ் பேசும் பிள்ளைக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அதை நாமே பறித்துவிடுகிறோம். பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் இருக்கின்றன. பதினாறு என்றால் பத்தும் ஆறும். முப்பது மூன்று பத்து, அறுபது ஆறு பத்து, நாற்பத்திரண்டு நான்கு பத்தும் இரண்டும். இடமதிப்பு என்று பின்னால் தனிப் பாடமாக நடத்துவது சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து இருப்பது காதுக்குத் தெரியாது. ஃபோர்ட்டீனில் நான்குதான் முதலில் காதில் விழும். அதனால் பிள்ளை 14-ஐ 41 என்று எழுதும். ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் ஓசையில் நூலிழை வித்தியாசம்தான். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளையானாலும் நூறு வரை முதலில் தமிழில் எண்ணிப் பழகட்டும். பிறகு லெவன் என்பது பதினொன்றுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். மாற்றிச் செய்தால் புதுப் பெயரையும் புதுக் கருத்தையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சலுகையிலும் ஓட்டை இரண்டு உண்டு. ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த வரிசை, அடுத்த படியில் தொண்ணூறு என்று நூறைக் காட்டுகிறது. எழுநூறு, எண்ணூறு என்று வந்தது தொள்ளாயிரம் என்று ஆயிரத்தைக் காட்டுகிறது. 'தொள்ளாயிரத்து ஐந்து' என்றதும் நான்கு இலக்கம் எழுதும் பிள்ளையைக் கவனம் போதாது என்று திட்டுகிறோம். கவனித்ததால்தான் அப்படி எழுதியது. காதில் விழுந்த ஆயிரத்தை நம்பியிருக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பெயர் இருந்ததெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொள்ள. பிள்ளையைச் சில நாள் 'ஒன்பது பத்து', 'ஒன்பது நூறு' என்றே சொல்லவிடுங்கள். அது பழகியபின், 'இதுக்கு வீட்ல கூப்பிடுற பேரு தொண்ணூறு' என்று அறிமுகம் செய்தால் குழப்பம் தீரும்.

இருபத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் நிறையப் பிள்ளைகள் 'இருபத்திப்பத்து' என்பார்கள். சிரிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அது தப்பே இல்லை. இருபதும் பத்தும் முப்பதுதானே. அந்த இடத்தில்தான் ஈர்க்குச்சியை எடுக்க வேண்டும்.

தென்னந்துடைப்பத்தில் அடிப்பக்கம் தடித்த குச்சிகளாகப் பார்த்து உருவி, விரல் நீளத்துக்கு, ஏறத்தாழ 8 செ.மீ., வெட்டிக்கொள்ளுங்கள். நுனிப்பக்கம் வேண்டாம், மெல்லியதாக இருக்கும், கையில் குத்தும், கட்டினால் நழுவும். 120 துண்டும் ஒரு பிடி ரப்பர் பேண்டும் போதும். பத்தை எண்ணி ஒரு கட்டு. பத்துக் கட்டைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்டு, அதுதான் நூறு. கட்டுகளைப் பிள்ளையே போட வேண்டும். நேரம் மிச்சம் என்று நாம் கட்டி வைத்துக் கொடுத்தால் அது பிள்ளைக்கு வெறும் 'ஒரு சாமான்'. உள்ளே பத்து இருப்பது கைக்குத் தெரியாது. கடையில் வாங்கும் பத்து மணி கோர்த்த பிளாஸ்டிக் கம்பியிலும் இதே குறைதான். அதைப் பிரிக்க முடியாது.

பிரிக்க முடிவது எதற்கு என்றால், 42-இல் 17 போனால் எவ்வளவு என்ற கணக்கு வரும்போது. நோட்டில் மட்டும் செய்த பிள்ளை 35 என்று எழுதும். 4-இல் 1 போக 3. அடுத்து 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5. பெரிய எண்ணிலிருந்து சின்னதை எடு என்று யாரோ சொன்னதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது, பாவம். குச்சியில் இந்த 35 வரவே வழியில்லை. நான்கு கட்டும் இரண்டு உதிரியும் தரையில் இருக்கின்றன. ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிள்ளை தானே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து, கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு. 25. இதைக் 'கடன் வாங்குதல்' என்று சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடலாம். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள். 'கட்டைப் பிரி' என்றால் கை செய்ததும் வாய் சொல்வதும் ஒன்றாகிவிடும்.

குச்சிக்குப் பிறகுதான் இலக்கம். அங்கே காத்திருக்கும் பள்ளம், நூற்றைந்தை 1005 என்று எழுதுவது. நூறு எழுதி, ஐந்து எழுதுகிறது, கேட்டதைக் கேட்டபடி. இதற்கு மருந்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய 27 சீட்டு. ஒன்று முதல் ஒன்பது வரை எழுத 4 செ.மீ. அகலச் சீட்டு ஒன்பது. 10, 20 என்று 90 வரை எழுத 8 செ.மீ. அகலத்தில் ஒன்பது. 100 முதல் 900 வரை 12 செ.மீ. அகலத்தில் ஒன்பது. உயரம் எல்லாவற்றுக்கும் 6 செ.மீ. ஒவ்வோர் இலக்கமும் தன் 4 செ.மீ. கட்டத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். 100 சீட்டின்மேல் 5 சீட்டை வலது ஓரம் சேரும்படி வைத்தால் கடைசிச் சுழியை ஐந்து மூடிக்கொள்ளும்: 105. 300, 40, 7 மூன்றையும் அடுக்கினால் 347. மேல் சீட்டைத் தூக்கினால் அடியில் சுழி அப்படியே இருக்கிறது. நூறு எங்கும் போய்விடவில்லை. இடது ஓரத்தைச் சேர்த்து அடுக்குவது முதல்நாள் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. வலது ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று இழுத்துவிட்டால் நின்றுவிடும்.

வாய்ப்பாட்டை எதிர்ப்பவர்கள் அல்ல நாங்கள். ஆனால் பத்து வாய்ப்பாடு, வாய்ப்பாட்டுக்குப் பத்து வரி, ஆக நூறு வரி என்று மலையாகக் காட்ட வேண்டாம். முட்டைக் கடையில் 30 முட்டை அடுக்கும் அட்டை ஒன்று வாங்கி வாருங்கள். ஒரு பக்கம் ஐந்து குழி, மறுபக்கம் ஆறு குழி. ஐயாறு முப்பது. அட்டையைத் திருப்பினால் ஆறைந்து முப்பது. முட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படித் திருப்பினால் அதுவே என்று ஒரு முறை கண்ணால் கண்ட பிள்ளைக்கு நூறு வரி 55 ஆகிவிடுகிறது. அதில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் விளையாட்டிலேயே வந்துவிடும். அவற்றைக் கழித்தால் நெட்டுருப் போட மிஞ்சுவது 21 வரி. ஒரு நாளைக்கு ஒன்று என்றாலும் விடுமுறை முடிவதற்குள் முடிந்துவிடும். ஏழெட்டு ஐம்பத்தாறு மட்டும் எல்லா ஊரிலும் தகராறு செய்யும். அதற்கு இரண்டு நாள் கொடுக்கலாம்.

வாசலில் கோலம் போடுகிற வீடாக இருந்தால் தனியாகக் கணக்கு வகுப்பு எதற்கு? ஏழு புள்ளி, நான்கு வரை, இடைப்புள்ளி: மொத்தம் எத்தனை புள்ளி வரும் என்று வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். 4, 5, 6, 7, 6, 5, 4 கூட்டினால் 37. அதே ஏழை நேர்ப்புள்ளியாக ஒன்று வரை வைத்தால் 25. ஏன் குறைந்தது என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாக்பீஸால் வைக்கட்டும்.

பல்லாங்குழி எண்ணுவதற்கு நல்ல பயிற்சி. குழிக்கு ஐந்து வீதம் பதினான்கு குழிக்கு எழுபது முத்து. ஒரு குழிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போகும்போது 'ஒரு பொருளுக்கு ஒரு எண்' என்ற அடிப்படை கையில் ஏறிவிடும். இது ஏறாத பிள்ளைதான் ஐந்து உருண்டையைத் தொட்டுக்கொண்டே 'ஏழு' என்று முடிக்கும். நான்கு சேர்ந்தால் பசு என்று எடுக்கும் முறையில் ஆடினால் எந்தக் குழியில் மூன்று இருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். மூன்றோடு ஒன்று நான்கு என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். ஒரே எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் தம்பி தங்கை உள்ள வீட்டில் புளியங்கொட்டை, சோழி, பொத்தான் எதுவும் தரையில் மிச்சம் கிடக்கக் கூடாது. மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள், விழுங்கிப் புரையேறும். சிறு காந்த வில்லைகளும் பொத்தான் பேட்டரியும் இன்னும் ஆபத்து. அவற்றை விளையாட்டுச் சாமானாகவே நினைக்க வேண்டாம்.

அளப்பதில் ஒரு பொதுத் தவறு. பிள்ளைகள் ஸ்கேலின் 1-ஐப் பொருளின் ஓரத்தில் வைத்து அளக்கிறார்கள், ஏனென்றால் எண்ணுவது ஒன்றில்தானே தொடங்கும். இன்னும் சிலர் சுழிக்கோட்டை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கின் ஓரத்தை வைப்பார்கள். உடைந்த ஸ்கேல் ஒன்றைக் கொடுங்கள், 5-இல் தொடங்குவதாகப் பார்த்து. ஒரு பென்சிலை 5-இலிருந்து 14 வரை வைத்துவிட்டு 14 என்பார்கள். நடுவில் எத்தனை இடைவெளி என்று விரல் வைத்து எண்ணியதும் 9 வரும். கோடுகளை எண்ணக் கூடாது, இடைவெளிகளை எண்ண வேண்டும் என்பது அதற்குமேல் மறக்காது. ஸ்கேலுக்கு முன்பே சாணாலும் முழத்தாலும் மேசையை அளக்கவிட வேண்டும். அப்பாவின் சாணுக்கு ஏழு, பிள்ளையின் சாணுக்குப் பன்னிரண்டு என்று வரும்போதுதான் ஸ்கேல் எதற்கு என்று புரியும்.

அறிவியலுக்கு வருவோம். காபி டபராவும் டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் நிறையத் தண்ணீர். பிள்ளை பார்க்கப் பார்க்க அதை டபராவில் ஊற்றுங்கள். எதில் இருந்தபோது தண்ணீர் அதிகம் என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை டம்ளரில் என்றுதான் சொல்லும். அதில் உயரமாக இருந்தது. 'இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்' என்று நாம் சொன்னால் அது தலையாட்டும், நம்பாது. திருப்பி டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். இதையே மாதம் ஒரு முறை செய்து பாருங்கள். ஆறு ஏழு வயது வாக்கில் ஒரு நாள் அதுவே 'நீதான் வேற எதுவும் ஊத்தலையே' என்று சொல்லும். அந்த வாக்கியத்தை முன்கூட்டியே வாயில் திணிக்க முடியாது.

எந்தச் சோதனையானாலும் செய்வதற்கு முன் 'என்ன ஆகும்னு நினைக்கிறே?' என்று கேட்டுவிட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் படமாக வரையட்டும். முன்கூட்டிச் சொல்லாமல் பார்த்தால் அது வேடிக்கை. சொல்லிவிட்டுப் பார்த்தால்தான் சோதனை. ஊகம் தவறினால் அழித்துவிட்டுச் சரியாக எழுதச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அழிக்க விடாதீர்கள். பக்கத்தில் நடந்ததை வரையட்டும்.

பயறு முளைக்கட்டுவது எல்லாப் புத்தகத்திலும் உண்டு, பாதி வீட்டில் நாற்றமெடுத்து முடியும். பச்சைப்பயறு பத்துப் பத்தாக நான்கு டம்ளர். முதலாவதில் காய்ந்த பஞ்சு. இரண்டாவதில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. மூன்றாவதில் பயறு முழுக முழுகத் தண்ணீர். நான்காவதில் நனைத்த பஞ்சின்மேல் தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு. இரண்டு நாளில் இரண்டாவது டம்ளரில் முளை நன்றாகத் தெரியும். மூன்றாவதில் தொப்புள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும், தண்ணீர் கலங்கி வாடை வரும். விதைக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். தண்ணீர்தான் உயிர் என்று நினைத்த பிள்ளை அதிர்ந்துபோகும் இடம் இது. மே மாத வெயிலில் பஞ்சு மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலையும் மாலையும் தெளிக்காவிட்டால் இரண்டாவது டம்ளரும் முதலாவதைப் போலாகிவிடும், எல்லாம் கெட்டது என்று நினைப்பீர்கள். இரண்டாவதில் பத்துக்கு ஆறுகூட முளைக்காவிட்டால் பயறு பழசாக இருக்கலாம். பத்து பத்தாக எண்ணி வைப்பது இதைச் சொல்லத்தான். ஒரு பிடி அள்ளிப் போட்டால் எத்தனை முளைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. உச்சி நேரத்தில் நிழல் வடக்கே விழும் என்று பலரும் பொதுவாகச் சொல்வார்கள், பிள்ளைகளும் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் இப்போது தெற்கே விழுகிறது. திருச்சியில் ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒரு நாள் உச்சி வெயிலில் நிழலே இருக்காது, ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி மறுபடி ஒரு நாள். இடைப்பட்ட காலம் முழுக்கச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. சென்னையில் அந்த நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். ஊருக்கு ஊர் தேதி மாறுவதே பிள்ளைகள் சித்தி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

30 செ.மீ. நீளத்தில் நேரான குச்சி ஒன்றை மொட்டை மாடியில் மண் நிரப்பிய டப்பாவில் நடுங்கள். நட்டபின் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமிருந்தும் பார்த்துச் செங்குத்தாக்க வேண்டும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். மே 20 வாக்கில் திருச்சியில் உச்சி நிழல் 5 செ.மீ. அளவுதான் இருக்கும். குச்சியின் நுனி ஒரு செ.மீ. சாய்ந்திருந்தாலே நிழலில் ஒரு செ.மீ. தவறு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. டிசம்பர் கடைசி வாரத்தில் அதே குச்சிக்கு 20 செ.மீ. நிழல், வடக்குப் பக்கம். இரண்டையும் ஒரே தரையில் பெயிண்டால் குறித்து வைத்தால் பிள்ளைக்கு அது ஆண்டு முழுக்கப் பாடம்.

உச்சி நேரம் எது என்பதில் இன்னொரு வழுக்கல். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் குறிப்பார்கள். இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகையைக் கொண்டு வைத்தது. திருச்சி அதற்கு மேற்கே, 78.7-இல். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 15 நிமிடம் தாமதம். அதன்மேல் பூமியின் ஓட்டத்தால் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் கூடும், குறையும். மே மூன்றாம் வாரத்தில் திருச்சியின் உச்சி ஏறத்தாழ 12.12. அதையும் நம்ப வேண்டாம் என்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது. குச்சியை மையமாக வைத்து 15 செ.மீ. ஆரத்தில் தரையில் வட்டம் போடுங்கள். காலை பத்தரை வாக்கில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். பிற்பகல் இரண்டுக்குச் சற்று முன் மறுபக்கம் தொட்டு வெளியே போகும். இரண்டு இடத்தையும் குறித்து இணைத்தால் அந்தக் கோடு கிழக்கு மேற்கு. நடுவே செங்குத்தாக இழுத்தால் வடக்கு தெற்கு. திசைமானி வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். நிழலின் நுனி கூர்மையாகத் தெரியாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மங்கலாகத்தான் இருக்கும். கண்ணில் கோளாறு என்று நினைக்காதீர்கள். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் அப்படி. மங்கலின் நடுவைக் குறித்தால் போதும். செருப்புப் போட்டுக்கொண்டு, இரண்டு நிமிடம் போய்க் குறித்துவிட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மொழியில் நாம் செய்வது இன்னும் மோசம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இவ்வளவையும் வரிசையாக ஒப்பித்து எழுதி முடித்தபின்தான் ஒரு சொல் படிக்கலாம் என்றால் எந்தப் பிள்ளை பிழைக்கும்? ப, ட, ம மூன்று எழுத்தும் புள்ளியும் கால் குறியும் மட்டும் எடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா. எட்டுச் சொல் ஆயிற்று. வ, ர இரண்டைச் சேர்த்தால் மரம், வரம், வாரம், பாரம், வட்டம், மாவட்டம். பத்துப் பதினைந்து நாளில் பிள்ளை தானாகப் படிக்கிறது, தெருப் பலகையில் 'வட்டம்' என்று கண்டு கத்துகிறது. அகர வரிசை பிறகு வரட்டும், அகராதி பார்க்கும்போது அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்த குறிகளுக்கும் ஒரு வரிசை உண்டு. கால், கொக்கி முதலில், ஏனென்றால் எழுத்துக்குப் பின்னால் வருபவை. ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்று. கு, சு, து, பு, மு, ரு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து முகம் மாற்றும். அதை ஒரே நாளில் கொட்டாமல் சொல்லோடு ஒன்றொன்றாகத் தர வேண்டும். கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். 'கெ' எழுதச் சொன்னால் ககரத்தை எழுதிவிட்டு வலப்பக்கம் கொம்பு போடும் பிள்ளை காதை நம்பிய பிள்ளை. 'கொ' இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்வது, அது அதற்கும் பிறகு. ஔகாரக் குறியின் வால் ளகரம் போலவே இருப்பதால் 'கௌ' என்பதைக் 'கெள' என்று படிப்பது பெரியவர்களுக்கே வரும். கடைசியில் வையுங்கள். தாத்தா வீட்டுப் பழைய புத்தகத்தில் லை, னை, றா எல்லாம் வேறு வடிவில் இருந்தால் பயப்பட வேண்டாம்; 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது என்று காட்டினால் அதுவே ஒரு புதிர் விளையாட்டு.

தமிழில் ஒரு ககரம் கடலில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. எழுத்துக் கூட்டும் பிள்ளை 'பக்கல்' என்று படித்தால் எழுத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். 'ராத்திரி இல்ல, அதுக்கு எதிரானது' என்று பொருளைக் கொடுங்கள், ஒலி தானாகத் திருந்தும்.

வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம்தான் பெரிய தடை. 'நாய் ஓடிப்போச்சு' என்கிற பிள்ளைக்கு 'நாய் ஓடிப்போயிற்று' என்பது பாதி அந்நிய மொழி. அது சொல்கிற கதையைச் சொன்னபடியே, ஓடிப்போச்சு என்றே, பெரிய எழுத்தில் எழுதி அதன் கையில் கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்தது காகிதத்தில் இருப்பதைக் கண்ட பிள்ளை அதைப் பத்துத் தடவை படிக்கும். புத்தக நடை, நாம் வாசித்துக் காட்டுவதிலிருந்து காதுவழியாக ஏறட்டும். தினம் பத்து நிமிடம், ஒரே புத்தகத்தை ஒரு வாரம். நமக்குத்தான் சலிக்கும், பிள்ளைக்குச் சலிக்காது. மூன்றாம் நாளிலிருந்து வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள், அது நிரப்பும். படித்து முடித்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன' என்று கேட்பதை இந்த ஒரு மாதமாவது நிறுத்திவைக்கலாம்.

ஆங்கிலத்துக்கும் இதே வரிசைதான். ஏ, பி, சி என்று எழுத்தின் பெயரை மட்டும் தெரிந்த பிள்ளை, பூனைக்கான மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்டினால் 'சியேட்டி' என்றுதான் வரும், 'கேட்' வராது. எழுத்தின் ஒலியைச் சொல்லித்தர வேண்டும். அதற்கும் முன்னால் காதும் வாயும் பழக வேண்டும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுகிறவர்கள், பள்ளிக்காக அதை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவதால் பிள்ளைக்கு நட்டமே. எந்த மொழியில் தாராளமாகக் கதை சொல்ல வருகிறதோ அதில் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்குப் பதிலாக, என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்கு எது தடை என்று கேட்டால் ஆசிரியரிடம் சொல்லப் பதில் இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் புதிர்க் கணக்கின் விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடும் வழக்கத்தை விடுங்கள். பிள்ளைகள் முதலில் தாளைத்தான் திருப்புகிறார்கள். விடை அடுத்த வாரம் வரட்டும். அந்த ஏழு நாள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். அந்தப் பக்கத்துக்குப் பெரிய எழுத்தும், வரியின் கடைசியில் சொல்லை உடைக்காத அகலமான பத்தியும் கொடுங்கள். 'பட்-' என்று ஒரு வரியிலும் 'டம்' என்று அடுத்த வரியிலும் உடைந்து நிற்கும் பட்டத்தை இப்போதுதான் படிக்கப் பழகும் பிள்ளையால் பறக்கவிட முடியாது.

இப்படிக்கு,
தொடக்கநிலை ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.